நூறில் ஒரு பங்கு லோக்கல்: அட்டையில் ரயில் கட்டிய அனுபவம்

நம் ஊர் அகலப்பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 1676 மிமீ. உலகத்தில் மிக அதிகமாக விற்கும் மாடல் ரயில் பாதையில் அந்த இடைவெளி 16.5 மிமீ. இரண்டையும் ஒரு தாளில் மேலும் கீழுமாக எழுதிப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நூறில் ஒரு பங்கு! 1:100 அளவில் ரயில் கட்டினால், கடையில் வாங்கும் சாதாரண மாடல் பாதையே நம் அகலப்பாதையாகிவிடும். வித்தியாசம் கால் மில்லிமீட்டர்தான்.

அந்த 16.5 மிமீ பாதை எச்ஓ எனப்படும் 1:87 அளவுக்காக வந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள 1435 மிமீ பாதையை 87-ஆல் வகுத்தால் அதுதான் கிடைக்கும். நம் 1676-ஐ வகுத்தால் 19.3 வரும். அதனால் 1:87-ல் செய்த இந்தியப் பெட்டியை அந்தப் பாதையில் ஏற்றினால் உடம்பு பெருத்து கால் குறுகித் தெரியும். மும்பையின் புறநகர் மின்சார ரயிலான லோக்கலில் இது இன்னும் உறுத்தும். லோக்கல் பெட்டியின் அகலம் 3658 மிமீ. வெளியூர் வண்டிகளில் ஓடும் ஐசிஎஃப் பெட்டியைவிட ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் கூடுதல்.

பிளாஸ்டிக் மாடல் வாங்குகிறவர்களுக்கு அச்சு வார்த்தவர் வைத்த அளவுதான் அளவு. அட்டையில் கட்டுகிறவர்கள் வரைபடத்தையே தாங்கள் வரைகிறார்கள், எந்த அளவு வேண்டுமோ அதை வைத்துக்கொள்ளலாம். பிரிட்டனின் சூப்பர்குவிக், மெட்கால்ஃப் போன்ற நிறுவனங்கள் அச்சிட்ட அட்டையில் அருமையான கட்டடங்கள் தருகின்றன, ஆனால் அவை இங்கிலாந்தின் தெருக்கள். மும்பையின் மாட்டுங்கா வேண்டுமென்றால் நாமே வரைய வேண்டும். எனக்கு வேண்டியது மாட்டுங்கா.

நான் பிறந்து வளர்ந்ததும் இப்போது இருப்பதும் இங்கேதான். சென்ட்ரல் லைனில் மாட்டுங்கா, வெஸ்டர்னில் மாட்டுங்கா ரோடு, ஹார்பரில் கிங்ஸ் சர்க்கிள் என்று மூன்று நிலையங்களும் நடக்கிற தூரத்தில். 1915-ல் தொடங்கிய மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பும் பக்கத்தில். எங்கள் கட்டடத்துத் தரைத்தளத்தில் இருக்கும் மாமா அந்த ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் காட்டாமல் நான் எந்தப் பெட்டிக்கும் கூரை ஒட்டுவதில்லை.

முதலில் கணக்கு. லோக்கல் பெட்டியின் உடல் நீளம் 20,726 மிமீ. நூறில் ஒரு பங்கு 207 மிமீ. ஏ4 தாளின் நீளம் 297 என்பதால் ஒரு பக்கச் சுவர் தாளில் தாராளமாக உட்காரும், ஒட்டு மடிப்புகளுக்கும் இடம் மிஞ்சும். பன்னிரண்டு பெட்டி ரேக் முழுதும் கட்டினால் இரண்டரை மீட்டர். 1:87-ல் அதுவே மூன்று மீட்டரை நெருங்கும். மும்பை வீட்டு ஹாலில் அந்த ஏறக்குறைய நாற்பது சென்டிமீட்டர்தான் கதவைத் திறக்க முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிக்கிறது. பெட்டி குட்டையாக இருப்பதால் வளைவுகளிலும் சிரமம் குறைகிறது.

இனி அட்டை. இந்த வேலையில் பாதிக்கு மேல் அட்டையைப் புரிந்துகொள்வதுதான் என்பது என் உறுதியான கருத்து. காகிதத்தில் நார்கள் ஒரு திசையில் படுத்திருக்கும். அச்சகத்துக்காரர்கள் கிரெயின் என்பார்கள். அந்தத் திசையோடு ஒட்டி அட்டை எளிதில் மடியும், சுருளும்; குறுக்கே முரண்டு பிடிக்கும். ஈரம் பட்டால் நாரின் குறுக்குவாட்டில்தான் அட்டை நன்றாக விரியும், நீளவாட்டில் மிகக் கொஞ்சம். ஆகவே பெட்டியின் நீளமும் நாரின் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி வைத்தால் இரண்டு வேலை ஒரே சமயத்தில் முடிகிறது: 207 மிமீ சுவர் மழைக்காலத்திலும் நீளம் மாறாமல் நேராக நிற்கும், கூரையின் வளைவும் அதே திசையில் தானாக உருண்டு வரும். திசை தெரியாவிட்டால் அட்டையின் ஓரத்தில் நெடுக்காக ஒன்று, குறுக்காக ஒன்று என ஒரே அளவில் இரண்டு பட்டைகள் வெட்டி, ஒரு நுனியைப் பிடித்து நீட்டிப் பாருங்கள். அதிகம் தொங்காத பட்டையின் நீளம்தான் நாரின் திசை.

கிராஃபோர்டு மார்க்கெட்டை ஒட்டிய அப்துல் ரஹ்மான் தெருவில் ஸ்டேஷனரி மொத்தக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நான் வாங்குவது மூன்று வகை. அச்சிட 160 முதல் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) வரை உள்ள ஐவரி ஷீட். உள்சுவருக்கும் தளத்துக்கும் 1 மிமீ கப்பா போர்டு, பைண்டிங் செய்கிறவர்கள் வாங்குவது. கட்டடங்களுக்கு 2 மிமீ. கடையில் பெரிய தாளாக வாங்கி அங்கேயே வெட்டச் சொல்லும்போது நார் ஓடும் திசையைப் பென்சிலால் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தபின் எல்லாத் தாளும் ஒன்றுபோல இருக்கும்.

வரைவதற்கு இங்க்ஸ்கேப் என்ற கணினி மென்பொருள் போதும், இலவசம். பக்கத்தின் அலகை மில்லிமீட்டரில் வையுங்கள். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் 100 மிமீ நீளத்தில் ஒரு கோடு நெடுக்காகவும் ஒன்று குறுக்காகவும் போட்டு, அச்சானதும் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுத்தான் கத்தியை எடுக்க வேண்டும். பிரிண்டரில் தாளுக்கு ஏற்ற அளவு என்ற தேர்வு இருந்தால் அதை நீக்கிவிட்டு நூறு சதவீதம் என்று வைக்க வேண்டும். ஒரு பெட்டியின் இரண்டு பக்கச் சுவர்களையும் தாளில் ஒரே திசையில் வைத்தே அச்சிடுங்கள். தாளை இழுக்கும் திசையில் சில பிரிண்டர்கள் இம்மி நீட்டிவிடும். ஒரு சுவரை நெடுக்காகவும் இன்னொன்றைக் குறுக்காகவும் அச்சிட்டால் பெட்டி முறுக்கிக்கொள்ளும்.

இங்க்ஜெட்டா லேசரா என்று பலரும் கேட்கிறார்கள். சாதாரண இங்க்ஜெட் மை தண்ணீரில் கரையும். வெள்ளைப் பசை கசிந்தால் மஞ்சளும் பழுப்பும் கலந்துவிடும், ஜன்னலோர வெயிலில் சீக்கிரம் வெளுக்கவும் செய்யும். பிக்மென்ட் மை இருக்கும் பிரிண்டர் நல்லது. லேசர் அச்சு தண்ணீருக்கு அசையாது, ஆனால் நிறம் தாளின் மேலே படலமாக உட்கார்ந்திருப்பதால் மடிப்பில் உதிரும். நான் ஜெராக்ஸ் கடையில் லேசர் எடுக்கிறேன். மடிக்க வேண்டிய இடத்தில் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் முன்பக்கம் லேசாகக் கீறி, மடித்த பிறகு அதே நிற வாட்டர்கலர் பென்சிலால் தடவிவிட்டால் உதிர்ந்தது தெரியாது. வெட்டிய ஓரங்களுக்கும் இதே வைத்தியம். வெள்ளை ஓரம் ஒன்று தெரிந்தாலும் இது காகிதம் என்று கண் கண்டுபிடித்துவிடும். ஒட்டுவதற்கு முன்பே எல்லா ஓரத்துக்கும் நிறம் கொடுத்துவிடுங்கள்; ஒட்டியபின் மூலைகளுக்குள் பென்சில் போகாது.

ஒட்டும் வேலைக்கு மும்பையில் பருவம் பார்க்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றே ஈரம். அட்டை அதைக் குடித்து உப்பும், வெள்ளைப் பசை காய மறுக்கும். அந்த மாதங்களில் நான் வரைவதோடு சரி. அச்சும் வெட்டும் ஒட்டும் நவம்பரிலிருந்து. வாங்கிய அட்டையை சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட ஜிப் கவரில் தட்டையாக வைக்கிறேன். எந்தப் பருவமானாலும் ஒரு விதியை விடக்கூடாது: ஒரு பக்கம் தாள் ஒட்டினால் மறுபக்கமும் ஒட்ட வேண்டும். கப்பா போர்டில் அச்சிட்ட தாளை மட்டும் ஒட்டினால், பசை காயும்போது தாள் சுருங்கி போர்டை வில்லாக இழுக்கும். பின்பக்கமும் அதே கனத்தில் வெற்றுத்தாள், அதே நார்த் திசையில். பிறகு இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு ராத்திரி விட வேண்டும். பெரிய பரப்புக்குக் குச்சிப் பசை நல்லது, அதில் தண்ணீர் குறைவு. ஃபேனை நேராகத் திருப்பிக் காயவைக்க வேண்டாம். காற்றுப் படும் பக்கம் முதலில் காய்ந்து வளையும்.

லோக்கல் பெட்டி மற்ற பெட்டிகளைவிட அட்டைக்கு ஏற்றது என்பதை எனக்குக் காட்டியது மாமா. முதல் பெட்டியின் வரைபடத்தில் கதவுகளை மூடியபடி வரைந்திருந்தேன். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"வாசலைத் திறந்து வைடா. மூடின வாசலோட லோக்கலை எவன் பார்த்திருக்கான்?"

"திறந்தா அட்டையோட கனம் தெரியுமே, மாமா."

"தெரியட்டும். நிஜத்துல அங்க ரெண்டு தகடு இருக்கு. நடுவுல கதவு போய் ஒளிஞ்சுக்கும்."

அதுதான் சாவி. ஏசி லோக்கல் வந்தது 2017 டிசம்பரில்தான். அதற்கு முந்தைய லோக்கல்களில் கதவு பக்கவாட்டில் நகர்ந்து சுவருக்குள் போகும். ஆகவே சுவர் உண்மையிலேயே இரட்டை. மற்ற மாடல்களில் அட்டையின் தடிமன் ஒரு குறை. இங்கே 1 மிமீ போர்டும் இரண்டு பக்கத் தாளும் சேர்ந்து வாசலில் தெரியும் கனம் அசலில் இருக்கும் கனத்தையே காட்டுகிறது. நான் இப்போது வெளித்தாள், போர்டு, உள்தாள் என்று மூன்று அடுக்காகச் செய்து, வாசல் ஓரத்தில் அரைக் கதவு எட்டிப் பார்ப்பதுபோல் வெள்ளி நிறத்தில் ஒரு மெல்லிய பட்டையைச் செருகுகிறேன். வாசல் திறந்தால் உள்ளே பார்க்கலாம், ஆகவே உள்ளேயும் கட்ட வேண்டும்: தளம், இருக்கைகள், வாசல் நடுவே நிற்கும் கம்பி, மேலே கைப்பிடிகள். கம்பிக்கு ஸ்டேப்ளர் பின்னை நிமிர்த்தினால் போதும். கைப்பிடிகளைத் தனித்தனியாகச் செய்ய வேண்டியதில்லை. ஓஎச்பி ஷீட் எனப்படும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளில் வரிசையாக அச்சிட்டுப் பட்டையாக வெட்டித் தொங்கவிட்டால் வெளியிலிருந்து அச்சு அசலாக இருக்கிறது.

ஜன்னலுக்கும் அதே ஷீட்தான். லோக்கல் ஜன்னலின் கிடைக் கம்பிகள் இந்த அளவில் தலைமுடி கனம். வெட்ட முடியாது, அச்சிட முடியும். லேசர் பிரிண்டரின் சூட்டைத் தாங்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் உள்ளே உருகி ஒட்டிக்கொள்ளும். இந்த ஷீட்டை ஃபெவிக்விக் வைத்து ஒட்ட வேண்டாம். அதன் ஆவி பட்டு ஷீட் பனி படர்ந்ததுபோல வெளுத்துவிடும். மெல்லிய இரட்டைப் பக்க டேப் போதும். ஆனால் ஃபெவிக்விக்குக்கு வேறு அருமையான இடம் இருக்கிறது. ஜன்னல்களுக்கு நடுவே நிற்கும் ஒல்லித் தூண்களின் ஓரத்தில், ஷீட் வைப்பதற்கு முன், ஒரு துளி ஓடவிட்டால் அட்டை அதைக் குடித்து பிளாஸ்டிக்போல இறுகும். காய்ந்தபின் 400 நம்பர் உப்புத்தாளால் தேய்க்கலாம், பிசிறு இருக்காது. ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், கண் எரியும்.

வெட்டும்போது உள்ளே உள்ள துளைகளை முதலில், வெளிக்கோட்டைக் கடைசியில். 1 மிமீ போர்டை ஒரே அழுத்தில் வெட்டப் பார்க்காமல் நான்கைந்து தடவை மெதுவாக இழுத்தால் கத்தி நேராக இறங்கும். பிளேடை உடைத்துப் புதுமுனை எடுக்கத் தயங்கவே கூடாது.

நிறத்துக்கு நான் பழைய மஞ்சள்–பழுப்பு ரேக்கைத் தேர்ந்தெடுத்தேன். 1925 பிப்ரவரி 3-ல் விக்டோரியா டெர்மினஸிலிருந்து (இன்றைய சிஎஸ்எம்டி) குர்லாவுக்கு நாட்டின் முதல் மின்சார ரயில் ஓடியபோது தொடங்கிய 1500 வோல்ட் டிசி முறை, 2016-ல் ஹார்பர் லைனும் 25,000 வோல்ட் ஏசிக்கு மாறியதோடு மும்பையிலிருந்து போய்விட்டது. 2007-லிருந்து வந்த வெள்ளை–ஊதா வண்டிகள் பழையவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. என் பள்ளிக்கூட நாட்கள் முழுதும் மஞ்சள்–பழுப்பில்தான் போயின. அந்த வண்டியைக் கையால் தொடுகிற மாதிரி ஒரு இடத்திலாவது வைத்திருக்க வேண்டும் என்பதுதான் இந்த வேலைக்கே காரணம். அச்சிட்ட அட்டையின் பலம் இங்கே தெரியும். முதல் வகுப்பின் சாய்கோடுகள், பெண்கள் பெட்டியில் தலையில் முந்தானை போட்ட பெண்ணின் படம், பக்கவாட்டில் பெட்டி எண், துரு ஒழுகிய தடம் எல்லாம் ஒரே அச்சில் வந்துவிடுகின்றன. தூரிகையால் இத்தனை சின்ன எழுத்தை எழுத என்னால் ஆகாது. நிறத்தைத் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நான்கைந்து மஞ்சள்களைச் சிறு கட்டங்களாக ஒரே தாளில் அச்சிட்டு, பகல் வெளிச்சத்தில் ஜன்னலருகே வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

கூரைக்கு அட்டையை மேஜை விளிம்பில் மெதுவாக இழுத்து வளைவு கொடுத்து, 35 மிமீக்கு ஒன்றாக நிற்கும் குறுக்குச் சட்டங்களின் மேல் ஒட்டுகிறேன். வளைவு முன்பே அட்டையில் இருக்க வேண்டும். பசையின் பலத்தில் வளைத்தால் அடுத்த மழையில் ஓரம் கிளம்பும். கூரை மேல் நின்று மின்கம்பியைத் தொடும் பாண்டோகிராஃபை மட்டும் அட்டையில் செய்ய வேண்டாம், மெல்லிய செப்புக் கம்பிதான்.

ஓடும் மாடலாக வேண்டுமென்றால் எடை முக்கியம். அட்டைப் பெட்டி இலவம்பஞ்சாய் இருக்கும், பாதையின் இணைப்பில் துள்ளி இறங்கிவிடும். அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில்வே சங்கம் எச்ஓ பெட்டிக்குப் பரிந்துரைப்பது ஒரு அவுன்ஸும், அதோடு நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸும். 207 மிமீ பெட்டிக்கு அது 144 கிராம் ஆகிறது. இரும்பு வாஷர்களைத் தளத்துக்கு அடியில், போகிகளுக்கு (பெட்டியின் கீழே உள்ள சக்கரச் சட்டங்களுக்கு) நேர் மேலே வரிசையாக ஒட்டுகிறேன். எடை எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. சக்கரங்களையும் அச்சுகளையும் வாங்கித்தான் ஆக வேண்டும். போகியின் பக்கச் சட்டத்தை மூன்றடுக்கு அட்டையில் செய்து ஃபெவிக்விக் ஊட்டினால் உறுதியாக நிற்கிறது. அச்சு நுனிகள் உட்காரும் இடத்தில் சின்னப் பித்தளைக் கிண்ணம் வைப்பது அவசியம், வெறும் அட்டைத் துளை விரைவில் தேய்ந்துபோகும். நடுவில் தளம் தொய்யாமல் இருக்க, கப்பா போர்டை நிற்கவைத்து இரண்டு பட்டைகள் நீளவாட்டில். மாமா ஒவ்வொரு பெட்டியையும் கண் மட்டத்துக்குத் தூக்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடிப்பக்கம் நேராக ஓடுகிறதா என்று பார்ப்பார். ஒர்க்‌ஷாப் பழக்கம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் லோக்கல் பெட்டியில் கை வைக்க வேண்டாம் என்பேன். நவா ஷேவா துறைமுகத்திலிருந்து போகும் கன்டெய்னர் வண்டியில் தொடங்குங்கள். சாதாரண உயர நாற்பது அடி கன்டெய்னர் உலகம் முழுக்க ஒரே அளவு: 12,192 மிமீ நீளம், 2,438 அகலம், 2,591 உயரம். மேஜையில் அது 122 மிமீ பெட்டி. ஜன்னல் இல்லை, வளைவு இல்லை, வாசல் இல்லை. ஆறு பக்கமும் செங்கோணத்தில் மடிக்கக் கற்றுக்கொண்டால் அடுத்தது எல்லாம் அதன் நீட்சிதான். உள்ளே குறுக்குச் சட்டம் வைக்காமல் ஒன்று, வைத்து ஒன்று எனக் கட்டி ஒரு மழைக்காலம் அலமாரியில் விட்டுப் பாருங்கள், சட்டம் எதற்கு என்று புரிந்துவிடும்.

ரயிலுக்கு நிலையம் வேண்டும். இப்போது நான் வேலை செய்துகொண்டிருப்பது மும்பையின் பைகுல்லா நிலைய மாடலில். 1850-களைச் சேர்ந்த அந்தக் கல் கட்டடத்தைப் பழைய அழகுக்குத் திருப்பியதற்காக 2022-ல் யுனெஸ்கோவின் ஆசிய–பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. கட்டடத்தில் அளவெடுக்க நான் கைக்கொள்வது எளிய வழி. பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கறுப்புப் பட்டை சுற்றிய ஒரு மீட்டர் கம்பை நண்பர் சுவரை ஒட்டிப் பிடித்துக்கொள்வார். நான் தள்ளி நின்று ஜூம் போட்டு எடுப்பேன்; கிட்டே நின்றால் மேல்பாகம் சாய்ந்துவிடும். நிலையத்துக்குள் எடுப்பதென்றால் முதலில் ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டுக்கொள்வது மரியாதையும் நிம்மதியும். நடைமேடை விளிம்பில் பதித்திருக்கும் மஞ்சள் ஓடுகளும் நல்ல அளவுகோல். ஒரு ஓட்டின் நீளத்தை அளந்துகொண்டு மிச்சத்தை எண்ணினால் நீளம் கிடைத்துவிடும்.

கட்டடத்தில் நிழல்தான் உயிர். ஜன்னலைத் தட்டையாக அச்சிட்டால் எத்தனை தெளிவான படமானாலும் சுவரொட்டிபோலத் தெரியும். சுவருக்கு 2 மிமீ போர்டு, அதன் பின்னால் ஜன்னல் சட்டம், அதன் பின்னால் கண்ணாடி என்று அடுக்கினால் உண்மையான நிழல் விழும். மூலையில் இரண்டு சுவர் சேரும் இடத்தில் 2 மிமீ ஓரம் தெரியாதபடி அச்சிட்ட தாளை மட்டும் நீளமாக விட்டு அடுத்த சுவரின் மேல் சுற்றி ஒட்ட வேண்டும், அப்போது கல் வரிசை மூலையில் உடையாமல் ஓடும். நடைமேடைக் கூரையைத் தாங்கும் பழைய தண்டவாளத் தூண்களுக்கு மூன்று அட்டைப் பட்டைகளை 'ஐ' வடிவில் சேர்த்து ஃபெவிக்விக் ஊட்டுகிறேன்.

கல்லின் படத்தை வெயிலில் எடுக்காதீர்கள். படத்திலேயே பதிந்த நிழல் ஒரு திசையில் விழும், உங்கள் மேஜை விளக்கின் நிழல் இன்னொரு திசையில். மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் மழை இறங்குவதற்கு முன் சில நாள் மேகம் மூடி நிற்கும். அந்த வெளிச்சம் எல்லாக் கல்லிலும் சமமாக விழுகிறது, கல்லும் நனைந்திருக்காது. பைகுல்லாவின் நான்கு பக்கத்தையும் நான் அந்த நாட்களில் எடுத்துவைத்துக்கொண்டு, மழை முழுதும் வரைந்து, நவம்பரில் கத்தியை எடுக்கிறேன்.